சோடியத்தின் மஞ்சள் ஒளி எங்கிருந்து வருகிறது?

கருவாடு கழுவிய நீர் எரிவாயு அடுப்பில் சிந்தினால் என்ன ஆகும்? ராயபுரம், காசிமேடு பக்கத்து மாணவர்கள் இதைச் சோதனைச் சாலைக்குப் போகாமலே பார்த்திருப்பார்கள். அதுவரை நீலமாக எரிந்துகொண்டிருந்த சுடர் சட்டென்று மஞ்சளாகிவிடும். ரசம் பொங்கி வழிந்தாலும் இதே கதைதான். காரணம் உப்பு. உப்பிலுள்ள சோடிய அணுக்கள் சூடான சுடரில் மஞ்சள் ஒளியை உமிழ்கின்றன. துறைமுகத்திலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் பல ஆண்டுகள் இரவைப் பொன்னிறமாக்கிய சோடிய ஆவி விளக்குகள் இதே ஒளியை நம்பியவைதான். இன்று பெரும்பாலான சாலைகளில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. ஆனால் சிந்திய உப்பு நீர் இன்றும் மஞ்சளாகத்தான் எரிகிறது.

இந்த மஞ்சள் ஒளியின் அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். சோடிய அணுவிலுள்ள ஓர் எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்திற்கு இறங்கும்போது இது வெளிப்படுகிறது. இவ்வளவும் உங்கள் பாடநூலில் இருக்கும். எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்திற்கு இறங்குகிறது என்று கேட்டால்தான் வியப்பு தொடங்குகிறது. அது 3பி ஆர்பிட்டாலிலிருந்து 3எஸ் ஆர்பிட்டாலுக்கு இறங்குகிறது. இரண்டுக்கும் முதன்மைக் குவாண்டம் எண் 3. அதாவது இரண்டும் ஒரே கூட்டைச் சேர்ந்தவை. ஒரே மாடிக்குள் இடம் மாறினால் இறங்கியதாக எப்படிச் சொல்ல முடியும்? ஹைட்ரஜன் அணுவில் 3பி-யிலிருந்து 3எஸ்-க்கு இறங்கினால் ஒளியே வராது. ஏனெனில் அங்கே அவ்விரண்டின் ஆற்றலும் ஒன்றே. சோடியத்தில் மட்டும் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ஹைட்ரஜனிலிருந்தே தொடங்குவோம். ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். வேறு யாரும் இல்லை. எலெக்ட்ரானை அணுவிலிருந்து முற்றிலும் விடுவிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அதை அந்த மட்டத்தின் ‘ஆழம்’ என்று இக்கட்டுரையில் சொல்வோம். கிணற்றின் அடியிலிருந்து வாளியை இழுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனின் முதல் மட்டத்தின் ஆழம் 13.6 எலெக்ட்ரான் வோல்ட். மற்ற மட்டங்களுக்கு, 13.6-ஐ முதன்மைக் குவாண்டம் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். இரண்டாவது 3.40, மூன்றாவது 1.51, நான்காவது 0.85. நீல்ஸ் போர் 1913-இல் கொடுத்த கணக்கு இது. 1926-இல் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடும் இதே எண்களைத்தான் தந்தது. ஆனால் அது வேறொன்றையும் சொன்னது. மூன்றாவது மட்டத்தில் 3எஸ், 3பி, 3டி என்று மூவகை ஆர்பிட்டால்கள் உண்டு. அவற்றின் வடிவங்கள் வேறு, ஆற்றல் ஒன்றே.

வடிவம் மாறினாலும் ஆற்றல் மாறாதது ஏன்? இதற்குப் பழைய உவமை ஒன்று வானத்தில் இருக்கிறது. சூரியனைச் சுற்றும் ஒரு கோள் வட்டப் பாதையில் போகலாம். ஒரு வால்மீன் நீண்ட நீள்வட்டத்தில் போகலாம். இரண்டு பாதைகளின் நெட்டச்சும் ஒரே நீளமானால், சுற்றும் காலமும் ஒன்றே. ஒரு கிலோகிராம் பொருளுக்கான ஆற்றலும் ஒன்றே. பாதை எவ்வளவு ஒடுங்கியது என்பது கணக்கில் வருவதே இல்லை. விசை, தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. புரோட்டானுக்கும் எலெக்ட்ரானுக்கும் இடையேயுள்ள கவர்ச்சி விசையும் அதே விதிப்படிதான் அமைகிறது. ஆகவே ஹைட்ரஜனிலும் அதே சலுகை. மிக நுண்ணிய அளவில் அங்கும் சிறு பிளவுகள் உண்டு. 1947-இல் லாம்ப், ரெதர்ஃபோர்டு இருவரும் அளந்து காட்டிய 2எஸ், 2பி வேறுபாடு புகழ்பெற்றது. ஆனால் அது ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டில் பத்து இலட்சத்தில் நான்கு பங்கு அளவே. நம் மஞ்சள் ஒளிக்கு 2.10 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். அது இங்கே கிடைக்காது.

இப்போது இரண்டாவது எலெக்ட்ரானை உள்ளே விடுவோம். அது ஹீலியம். அதன் அணுக்கருவில் இரண்டு புரோட்டான்கள். ஓர் எலெக்ட்ரான் மட்டும் இருந்தால், அதை விடுவிக்க 13.6-இன் நான்கு மடங்கு, அதாவது 54.4 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. ஹீலிய அயனியில் அளந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இரண்டு எலெக்ட்ரான்களும் இருக்கும் முழு அணுவிலிருந்து ஒன்றை விடுவிக்க 24.6 எலெக்ட்ரான் வோல்ட்டே போதும். மற்ற எலெக்ட்ரானின் விலக்கு விசை இதை வெளியே தள்ளி உதவுகிறது. அந்த மற்ற எலெக்ட்ரான் ஒரு புரோட்டானின் கவர்ச்சியை முழுவதும் ஈடுகட்டியிருந்தால் விடை 13.6 ஆகியிருக்கும். அதுவும் இல்லை. கணக்குப் போட்டால், எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.34 புரோட்டான்களின் கவர்ச்சியை உணர்வது போல வருகிறது. இதைத்தான் செயலுறு அணுக்கரு மின்சுமை என்கிறோம். குறைந்துபோன பங்குக்குக் காரணம் திரைமறைப்பு. ‘மறைப்பு’ என்ற சொல் சற்று ஏமாற்றும். இங்கே எதுவும் எதையும் மூடி மறைப்பதில்லை. ஒரு கவர்ச்சியும் ஒரு விலக்கும் ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஹீலியத்தின் ஆற்றல் மட்டங்களுக்குச் சென்னையோடு தொடர்புடைய வரலாறு ஒன்று உண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று தென்னிந்தியாவின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் ஒன்று கடந்து சென்றது. நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திற்குச் சென்றார். அதே ஆய்வகத்தைச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் ஒரு குழுவை நடத்தினார். பிரெஞ்சு வானியலார் ஜான்சென் குண்டூரில் முகாமிட்டிருந்தார். சந்திரன் சூரியனை முழுவதும் மறைத்தபோது விளிம்பில் சிவந்த தீநாக்குகள் தெரிந்தன. அவற்றை நிறமாலைமானி வழியே பார்த்தவர்கள் ஒளிமிக்க கோடுகளைக் கண்டார்கள். சிவப்பிலும் நீலத்திலும் இருந்தவை ஹைட்ரஜனுடையவை. மஞ்சளில் ஒன்று இருந்தது. மஞ்சள் என்றால் சோடியம்தானே! பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணமில்லாமலே அந்தக் கோட்டைக் கண்டார். அது சோடியத்தின் இடத்தில் இல்லை, சற்றுத் தள்ளி இருந்தது. அதன் அலைநீளம் 587.6, சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6. இடைவெளி ஒன்றரை நானோமீட்டர்கூட இல்லை. பூமியில் அதுவரை அறியப்படாத ஒரு தனிமம் அந்த இடைவெளியில் ஒளிந்திருந்தது. 1895-இல் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து வந்த வாயுவில் அதே கோட்டைக் கண்ட பிறகுதான் ஹீலியம் பூமியிலும் இருப்பது உறுதியாயிற்று.

அந்த மஞ்சள் கோடு எப்படிப் பிறக்கிறது என்று இன்று நமக்குத் தெரியும். ஹீலியத்தின் ஓர் எலெக்ட்ரான் 1எஸ்-இல் இருக்க, மற்றொன்று 3டி-யிலிருந்து 2பி-க்கு இறங்குகிறது. ஹைட்ரஜனில் மூன்றிலிருந்து இரண்டுக்கு எப்படி இறங்கினாலும் 656.3 நானோமீட்டரில் ஒரே சிவப்பு நிறம்தான். ஹீலியத்தில் அதே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் வழிகள் ஆறு வெவ்வேறு கோடுகளாகப் பிரிந்துவிடுகின்றன: 388.9, 501.6, 587.6, 667.8, 706.5, 728.1. ஊதாவின் ஓரத்திலிருந்து கருஞ்சிவப்பு வரை! எஸ், பி, டி மட்டங்கள் பிரிந்ததால் மூன்று வழிகள். இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரே திசையா எதிர்த்திசையா என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் இரண்டு. இந்த இரட்டைக் குடும்பத்திற்குச் சரியான விளக்கத்தை 1926-இல் ஹைசன்பர்க் தந்தார். நம் மஞ்சள் கோட்டின் குடும்பத்தில் 3டி-யின் ஆழம் 1.51 எலெக்ட்ரான் வோல்ட், ஹைட்ரஜனில் உள்ளதே. ஆனால் 2பி-யின் ஆழம் 3.40-க்குப் பதில் 3.62. வேறுபாடு 2.11. சோடியத்தின் 2.10-க்கு அருகில் அது வந்து நின்றது வெறும் தற்செயல். அந்தத் தற்செயல்தான் 1868-இல் பலரைத் தடுமாற வைத்தது.

இனிச் சோடியத்திற்கு வருவோம். அதன் அணு எண் 11. பத்து எலெக்ட்ரான்கள் உள்கூடுகளை நிரப்பி நெருக்கமாக நிற்கின்றன. பதினோராவது தனியாக வெளியே. அந்தத் தனி எலெக்ட்ரானை எந்த ஆர்பிட்டாலில் வைத்தால் எவ்வளவு ஆழம் என்று அளந்திருக்கிறார்கள். 3எஸ்-இல் 5.14 எலெக்ட்ரான் வோல்ட், 3பி-யில் 3.04, 3டி-யில் 1.52. இந்த மூன்று எண்களையும் ஹைட்ரஜனின் 1.51-க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 3டி ஏறத்தாழ ஹைட்ரஜனாகவே இருக்கிறது. 3பி இரு மடங்கு ஆழம். 3எஸ் மூன்று மடங்குக்கும் மேல். செயலுறு அணுக்கரு மின்சுமையாகச் சொன்னால், 3டி-க்கு 1.00, 3பி-க்கு 1.42, 3எஸ்-க்கு 1.84.

பதினொரு புரோட்டான்களின் கவர்ச்சியைப் பத்து எலெக்ட்ரான்கள் ஈடுகட்டினால் மிச்சம் ஒன்று. பத்துக்கும் வெளியே நிற்கும் எலெக்ட்ரானுக்கு இது சரி. ஓர் எலெக்ட்ரான் தான் இருக்கும் தொலைவுக்கு உள்ளே அடங்கிய மின்சுமையைத்தான் உணர்கிறது. தனக்கு வெளியே கோள வடிவில் பரவியிருக்கும் மின்சுமையின் விசைகள் தமக்குள் கழிந்துபோகின்றன. ஆகவே பத்து எலெக்ட்ரான்களின் முகிலுக்குள் நுழைந்துவிட்டால் ஈடுகட்டுபவர்களில் சிலர் வெளியே தங்கிவிடுவார்கள். அணுக்கருவின் இழுப்பு கூடிவிடும். அதிகாலையில் காசிமேட்டு மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கூட்டத்திற்கு வெளியே நிற்பவருக்கு ஏலம் விடுபவரின் குரல் பாதி கூட எட்டாது. இடித்துப் புகுந்து முன்னால் போய்விட்டவருக்கு முழுக் குரலும் கேட்கும். உவமையை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. எலெக்ட்ரான் ஒரு நேரம் உள்ளே, ஒரு நேரம் வெளியே என்று ஓடுவதாக எண்ண வேண்டாம். அதன் முகிலில் ஒரு பங்கு எப்போதும் உள்ளே இருக்கிறது என்பதே சரி.

எவ்வளவு பங்கு உள்ளே என்பதில்தான் எஸ், பி, டி வேறுபடுகின்றன. எஸ் எலெக்ட்ரானுக்குக் கோண உந்தம் சுழி. அணுக்கருவை நெருங்க அதற்குத் தடை ஏதுமில்லை. அதன் முகில் அணுக்கரு வரை பரவியிருக்கிறது. பி எலெக்ட்ரானுக்குக் கோண உந்தம் உண்டு. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல் கையை நெருங்காததைப் போல அது சற்று விலகியே நிற்கிறது. டி இன்னும் விலகி நிற்கிறது. சோடியத்தில் அது உள்கூட்டைத் தொடுவதே இல்லை எனலாம். எனவேதான் 1.52. வால்மீன் உவமைக்குத் திரும்பினால், உள்ளே வேறு பொருள்கள் பரவிக் கிடக்கும்போது விசை தூய வர்க்க எதிர்விகிதமாக இருப்பதில்லை. பழைய சலுகை போய்விட்டது. பாதையின் ஒடுக்கம் இப்போது கணக்கில் வருகிறது.

ஆக 5.14-இல் 3.04 போக 2.10. எலெக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலை 1240-க்கு வகுஎண்ணாக வைத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். 1240-ஐ 2.10-ஆல் வகுத்துப் பாருங்கள், 590. தசமங்களை இன்னும் நுட்பமாக எடுத்தால் 589. மஞ்சள்! கோடு இரண்டாகப் பிரிவதற்கு எலெக்ட்ரானின் தற்சுழற்சி காரணம். அதைப் பிறிதொரு சமயம் காணலாம்.

பழைய குறுந்தகடு ஒன்று கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் உடனிருக்க, இருட்டறையில் நீலச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, அந்த ஒளி தகட்டின் பளபளப்பான பக்கத்தில் பட்டுத் திரும்புவதைப் பாருங்கள். மெழுகுவர்த்திக்கு வானவில் முழுவதும் தெரியும். உப்புச் சுடருக்கு மஞ்சள் பிம்பம் ஒன்றே மேலோங்கித் தெரியும். எங்காவது சாலையில் உயர் அழுத்தச் சோடிய விளக்கு மிச்சமிருந்தால் அதையும் பாருங்கள். அங்கே மஞ்சளின் நடுவே, மிகப் பிரகாசமாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கரும்பட்டை தெரியக்கூடும். நடுவில் பிறந்த ஒளியை ஓரத்திலுள்ள குளிர்ந்த சோடிய ஆவியே விழுங்கிவிடுவதால் வருவது அது. 3பி-யிலிருந்து 3எஸ்-க்கு இறங்கும்போது உமிழ்ந்த ஆற்றலை, 3எஸ்-இலிருந்து 3பி-க்கு ஏறும் வேறோர் அணு எடுத்துக்கொள்கிறது.

அடுத்து, தேர்வில் எல்லோரும் எழுதும் ஒரு செய்தி. சாய்ந்த அம்புக்குறிகள் போட்ட படத்தைப் பார்த்து, 3டி-க்கு முன் 4எஸ் நிரம்பும் என்று மாணவர்கள் தயங்காமல் எழுதுவார்கள். ஏன் என்று வகுப்பில் கேட்டால் அமைதி. முதன்மைக் குவாண்டம் எண்ணையும் கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் கூட்டிப் பார்க்கும் விதியைச் சொல்வார்கள். அது நினைவில் வைக்க உதவும் சூத்திரம், காரணம் ஆகாது. காரணம் நாம் மேலே பார்த்ததே. பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலெக்ட்ரான் 4எஸ்-இல் இருந்தால் முகிலின் ஒரு பங்கு உள்ளே ஊடுருவுகிறது; ஆழம் 4.34 எலெக்ட்ரான் வோல்ட். 3டி-யில் இருந்தால் உள்ளே போகாமல் வெளியே நின்று 1.67-உடன் திருப்தியடைய வேண்டும். 4எஸ் வெல்கிறது.

ஆனால் ‘4எஸ் எப்போதும் 3டி-க்குக் கீழே’ என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். பொட்டாசியத்தைப் போலவே பத்தொன்பது எலெக்ட்ரான்கள் உள்ள இன்னும் இருவரைப் பார்ப்போம்: ஓர் எலெக்ட்ரானை இழந்த கால்சியம், இரண்டை இழந்த ஸ்காண்டியம். பொட்டாசியத்தில் 3டி, 4எஸ்-ஐ விட 2.67 எலெக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. கால்சிய அயனியில் 1.69 மட்டுமே மேலே. ஸ்காண்டிய அயனியில் வரிசையே புரண்டுவிடுகிறது. 3டி கீழே, 4எஸ் அதற்கு 3.17 எலெக்ட்ரான் வோல்ட் மேலே. எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறவில்லை. அணுக்கருவின் மின்சுமைதான் 19, 20, 21 என்று ஏறியது. அது ஏற ஏற, எலெக்ட்ரான்களின் விலக்கைவிட அணுக்கருவின் இழுப்பு ஓங்கி, மட்டங்கள் ஹைட்ரஜனின் வரிசையை நோக்கிச் செல்கின்றன. அந்த வரிசையில் மூன்றாவது கூடு நான்காவதற்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

இரும்பின் நடத்தைக்கும் இதுவே விடை. இரும்பு அணுவில் 3டி-யில் ஆறும் 4எஸ்-இல் இரண்டும் உள்ளன. கடைசியாக நிரம்பியது 3டி என்று படம் சொல்கிறது. ஆனால் கடல் காற்றில் ஒரு நங்கூரச் சங்கிலி துருப்பிடிக்கத் தொடங்கும்போது இரும்பு முதலில் இழப்பது 4எஸ் எலெக்ட்ரான்கள் இரண்டையும்தான். 3டி அங்கே உள்ளடங்கி ஆழமாகிவிட்டது. அப்படியானால் நடுநிலை அணுவில் 4எஸ்-இல் உள்ள இரண்டும் ஏன் 3டி-க்கு இறங்கவில்லை? 3டி முகில் சிறியது. அதற்குள் மேலும் எலெக்ட்ரான்களை அடைத்தால் அவற்றின் விலக்கு மிகுந்துவிடும். தனித்தனி மட்டங்களின் ஆழத்தைவிட அணுவின் மொத்த ஆற்றல் குறைவாக இருப்பதே முக்கியம். எந்த மட்டத்தின் ஆழமும் மற்ற எலெக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பாடநூல் படத்தில் நிலையான படிக்கட்டுகள் போல வரைந்திருப்பதால் இது மறைந்துபோகிறது.

இதற்கு மிக அழகான எடுத்துக்காட்டைக் கண்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். ஹைட்ரஜன் அணு இரண்டாவதாக ஓர் எலெக்ட்ரானைப் பிடித்து எதிரயனி ஆக முடியும். சூரியனின் மேற்பரப்பில் ஒளியைப் பெருமளவு உட்கவர்வது இந்த அயனியே என்று 1939-இல் ரூபர்ட் வில்ட் கூறியிருந்தார். ஆனால் எளிய கணக்கு அப்படி ஓர் அயனியே நிலைக்காது என்றது. இரு எலெக்ட்ரான்களுக்கும் ஒரே அளவு முகில், ஒரே திரைமறைப்பு என்று வைத்துக்கொண்டால் மொத்த ஆழம் 12.86 எலெக்ட்ரான் வோல்ட்தான் வருகிறது. தனி ஹைட்ரஜனின் 13.6-ஐ விட அது குறைவு. அதாவது இரண்டாவது எலெக்ட்ரான் ஒட்டவே ஒட்டாது. 1944-இல் சந்திரசேகர், ஒன்று உள்ளேயும் மற்றொன்று வெகு தொலைவிலும் இருக்கும்படி இரு வேறு அளவு முகில்களை எடுத்துக்கொண்டார். எது உள்ளே, எது வெளியே என்று பெயரிடாமல் இரு வாய்ப்புகளையும் சமமாகச் சேர்த்தார். உள்முகிலுக்குச் செயலுறு மின்சுமை 1.04, வெளிமுகிலுக்கு 0.28. மொத்த ஆழம் 13.97 ஆயிற்று. அயனி நிலைத்தது! இன்றைய துல்லியமான அளவீட்டின்படி அந்த இரண்டாவது எலெக்ட்ரானின் ஆழம் 0.75 எலெக்ட்ரான் வோல்ட். சந்திரசேகரின் எளிய கணக்கு அதில் பாதியைத் தந்தது. மீதிக்கு, எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று எப்படி ஒதுங்கிச் செல்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. லித்தியத்தின் வெளி எலெக்ட்ரானுக்கு 2எஸ்-இல் ஆழம் 5.39 எலெக்ட்ரான் வோல்ட், 2பி-யில் 3.54. ஹைட்ரஜனின் 3.40-உடன் ஒப்பிட்டு, இவற்றுள் எது அதிகம் ஊடுருவியது என்று சொல்லுங்கள். பிறகு 1240-ஐ வைத்து, லித்திய உப்பு சுடரில் என்ன நிறத்தில் எரியும் என்று கண்டுபிடியுங்கள். விடையை உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் சொல்லி, சோதனைச் சாலையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.